மணிமேகலைக்கு இடமில்லாத நன்னெறி வகுப்பு

நமக்குக் கிடைத்திருக்கும் தமிழ் நூல்களில், பல சமயங்களின் கொள்கைகளை ஒவ்வொரு ஆசிரியரிடமாகப் போய்க் கேட்டுப் படித்த மாணவர் யார் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவள் ஒரு பெண். மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதைக்குப் பெயரே ‘சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை’. வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதியிடம் போகிறாள். பிறகு சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, கடைசியாகப் பூதவாதி. ஒவ்வொருவரிடமும் உன் கடவுள் யார், உன் நூல் என்ன சொல்கிறது என்று கேட்கிறாள், பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்று பூதவாதி சொல்லும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை நீ எப்படி அறிந்தாய், அதையும் கண்ணால் கண்டாயா என்று மடக்குகிறாள்.

இந்தக் காதையைக் கல்லூரி வகுப்புகளில் தத்துவம் மிகுந்த, கவிச்சுவை குறைந்த பகுதி என்று சொல்லித் தாண்டிப் போவது வழக்கம். தாண்டும்போது ஒரு செய்தியும் சேர்ந்து நழுவிவிடுகிறது. இந்த ஆசிரியர்கள் எவர் முன்னாலும் மணிமேகலை மணிமேகலையாக உட்காரவில்லை. தவம் முதிர்ந்த ஓர் ஆணின் வடிவத்தை மந்திரத்தால் எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நீ இளம்பெண், உன்னிடம் எவரும் தங்கள் கொள்கையைத் திறந்து சொல்ல மாட்டார்கள், வேற்றுருக் கொண்டு போ என்பது தெய்வம் அவளுக்கு முன்பே சொல்லி வைத்த புத்தி. சாத்தனார் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, ஊர் நடப்பாகச் சொல்கிறார். 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று பலரும் கருதும் ஒரு காப்பியத்தில், சமயக் கல்விக்குப் பெண்ணுடல் ஒரு தடை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருக்கிறது.

வஞ்சி எது என்பதில் அறிஞர்களுக்குள் நெடுநாள் வழக்கு உண்டு. கரூர் என்பார் ஒரு சாரார், கொடுங்கல்லூர் என்பார் இன்னொரு சாரார். நான் வசிக்கும் மதுக்கரை இரண்டுக்கும் நடுவில், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து கொங்குக்குள் வணிகர்களும் துறவிகளும் வந்துபோன வழி இதுதான். இன்று இவ்வழியே சிமெண்ட் லாரிகளும் கேரளப் பேருந்துகளும் போகின்றன. இரண்டில் எது வஞ்சியாக இருந்தாலும், ஆண் வேடம் போட்டுப் பாடம் கேட்ட அந்தப் பெண் எங்கள் ஊருக்கு அந்நியமானவள் இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம். இது ஆராய்ச்சி அல்ல, ஊர்ப்பாசம்.

சமயத்தைக் கேட்கப் போன பெண்கள் மட்டுமல்ல, கற்பித்த பெண்களும் இருந்தார்கள். இவர்கள் காப்பியப் பாத்திரங்கள் அல்லர், கல்லில் பெயர் உள்ளவர்கள். சமணத்தில் பெண் குருவுக்குக் குரத்தி என்று பெயர். தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைப் பாறைகளில் குரத்திகளின் பெயர்கள் சிற்பங்களுக்குக் கீழே வெட்டப்பட்டிருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர், தன் ஆசிரியர் அரட்டநேமி படாரரின் பெயரைச் சொல்லித் தன்னை மாணாக்கி என்று அறிமுகம் செய்துகொண்டு, கோயிலுக்குப் பொன் தருகிறார். வந்தவாசிப் பக்கம் விடாலில், ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கனகவீரக் குரத்தியாரைப் பற்றிப் பேசுகிறது. அவரிடம் 500 மாணவியர் இருந்தார்கள். இன்னொரு துறவியர் கூட்டத்தோடு அவர்களுக்குத் தகராறு வந்தபோது, குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் காத்துச் சோறிடுவது எங்கள் பொறுப்பு என்று ஊரார் முன்வந்திருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணிடம் 500 பேர் சமயமும் தத்துவமும் படித்தார்கள் என்பதை நான் பள்ளியிலும் படிக்கவில்லை, இளங்கலையிலும் படிக்கவில்லை. முனைவர் பட்டத்துக்குக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது.

குரத்தியர் வாழ்ந்த அதே சமண உலகத்திலிருந்துதான் நீலகேசியும் வருகிறாள். சுடுகாட்டில் முனிவரை அச்சுறுத்த வந்த பேய்ப்பெண் அவரிடம் பாடம் கேட்டுச் சமணத்துக்கு மாறுகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். முதலில் குண்டலகேசி என்ற பௌத்தப் பெண்ணை, அடுத்து பௌத்த ஆசிரியர்களை, அப்புறம் ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று எல்லாரையும் வெல்கிறாள். இரண்டு பெண்கள் பொது இடத்தில் நின்று தர்க்கம் செய்வதை ஒரு நூல் அத்தியாயம் முழுவதும் சொல்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்த நூல்களை எழுதியவர்கள் ஆண்கள், தங்கள் சமயத்தை நிலைநாட்டவே பெண்ணை வாதத்துக்கு அனுப்பினார்கள் என்பதை மறக்கக் கூடாது. திகம்பர சமணம் பெண்ணுடலில் வீடுபேறே இல்லை என்றும் சொன்னது. எல்லாரையும் வென்ற நீலகேசிக்கும் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. ஆனாலும் வாயைத் திற, காரணம் சொல், எதிராளியின் காரணத்தைச் சோதித்துப் பார் என்பது பெண் செய்யக்கூடிய வேலை என்று அந்த நூல்கள் நம்பின.

இந்த வேலை நம் பள்ளியில் எங்கே காணாமல் போனது என்பதுதான் என் கேள்வி.

திண்ணைப் பள்ளியில் அறம் என்பது மனப்பாடம். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி, உலகநீதி, மேலே போனால் சதகங்கள். கொங்குப் பகுதியில் கொல்லிமலை இறைவன் பேரில் பாடிய அறப்பளீசுர சதகம் பரவலாகப் படிக்கப்பட்டது. எழுத்துப் பழக்கமும் ஒழுக்கமும் ஒரே மூச்சில் போனதால் பொருள் கேட்க நேரமில்லை. கேட்பதும் மரியாதை இல்லை. இந்த நூல்களில் பாதிக்கு ஆசிரியர் ஔவை என்ற பெண். தமிழ்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக ஒரு பெண்ணிடம் அறம் படித்தார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தத் திண்ணையில் பெண் குழந்தைகள் அநேகமாக இல்லை. அந்தப் பெண் எழுதிய ஆத்திசூடியிலேயே பெண்ணின் பேச்சைக் கேட்டு நடக்காதே என்ற பொருளில் ஒரு கட்டளையும் இருக்கிறது. பாரதி புதிய ஆத்திசூடி எழுதியபோது அதை மாற்றிப் பெண்ணை உயர்த்தச் சொன்னார். பள்ளியில் இரண்டையும் மனப்பாடம் செய்தோம். இரண்டும் முரண்படுகின்றனவே, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்கும் வகுப்பு எங்களுக்கு வாய்க்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அறவியல் தொடங்க வேண்டிய இடம் அந்த முரண்தான்.

19ஆம் நூற்றாண்டில் சமயப் பாடத்துக்கு இன்னொரு வடிவம் வந்தது. வினாவிடை. லண்டன் மிஷன் சங்கத்தார் 1830இல் கோயம்புத்தூரில் பணி தொடங்கினார்கள். மிஷன் பள்ளிகள் பெண் குழந்தைகளை உள்ளே சேர்த்தன. அந்தக் கடனை நாம் மறுக்க முடியாது. ஆனால் அங்கே சமயப் பாடம் என்பது அச்சிட்ட கேள்விக்கு அச்சிட்ட பதில். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மிஷன் பள்ளிகளுக்கு எதிராக 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது கொள்கையைத்தான் மாற்றினார், வடிவத்தை மாற்றவில்லை. அவருடைய சைவ வினாவிடையும் கேள்வி, பதில் என்றுதான் போகிறது. கேள்வியைக் கேட்பது ஆசிரியர், பதிலை ஒப்பிப்பது பிள்ளை. மணிமேகலையின் வகுப்பில் கேள்வி மாணவியிடம் இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் அது ஆசிரியர் கைக்குப் போய்விட்டது.

நான் படித்ததும் கன்னியர் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில்தான், 1990களில். வாரத்துக்கு இரண்டு பாடவேளை வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ். என் பக்கத்தில் உட்காரும் தோழி எழுந்து போய்விடுவாள். திரும்பி வந்ததும் இரண்டு பேரும் என்ன படித்தோம் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். அவர்களுக்குக் கதைகள் நிறைய, எங்களுக்கு நற்பழக்கங்கள் நிறைய. கடைசி ஐந்து நிமிடம் மட்டும் இரண்டு அறையிலும் ஒன்றுதான். உட்காரும் விதம், சிரிக்கும் விதம், பேருந்தில் யாரோடும் பேசாதிருக்கும் விதம். முஸ்லிம் பிள்ளைகளும் எங்கள் அறையில்தான். அவர்கள் மாலையில் மதரசாவில் மூன்றாவது முறையாகவும் அதையே கேட்டிருப்பார்கள்.

இப்படி வகுப்பைப் பிரிப்பதற்குப் பின்னால் சட்ட வரலாறு உண்டு. 1854ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கை அரசுப் பள்ளிகளில் சமயப் போதனை கூடாது என்றது. பைபிள் நூலகத்தில் இருக்கும், விரும்புகிற மாணவர் பள்ளி நேரத்துக்கு வெளியே ஆசிரியரிடம் விளக்கம் கேட்கலாம், அவ்வளவுதான். சுதந்திர இந்தியாவின் அரசமைப்புச் சட்டம் 28ஆம் பிரிவில், முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை இல்லை என்று விதித்தது. அரசு உதவி பெறும், அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் அவரவர் சம்மதம் இல்லாமல் எவரையும் அந்த வகுப்பில் உட்கார வைக்க முடியாது. மாணவர் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் சம்மதம் காப்பாளருடையது. சிறுபான்மையினரையும் குழந்தைகளையும் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு இது, நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் பதினாறு வயதுப் பெண் என்ன நம்புகிறாள் என்பதை அவள் வீட்டு ஆண் கையெழுத்துப் போட்டு அறிவிக்கும் நாட்டில், அந்தச் சொற்றொடரைப் படிக்கும்போது நான் ஒரு நொடி நின்றுவிடுகிறேன்.

சமயப் போதனை வேண்டாம், சரி. அந்த இடத்தில் எதை வைப்பது? 1948–49இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு ஒரு யோசனை சொன்னது. நாள்தோறும் சில நிமிடம் மௌன தியானம். பட்டப்படிப்பின் முதலாண்டில் உலகின் பெரும் சமயத் தலைவர்களின் வாழ்க்கை. பெயர்களையும் கொடுத்தது: புத்தர், கன்பூசியஸ், ஜொராஸ்டர், சாக்ரடீஸ், இயேசு, சங்கரர், ராமானுஜர், மத்வர், முகம்மது நபி, கபீர், நானக், காந்தி. பன்னிரண்டு பேர். சமயங்களுக்கிடையே, நாடுகளுக்கிடையே எவ்வளவு கவனமாகச் சமன் பார்த்துப் போட்ட பட்டியல்! ஒரு பெண் கூட இல்லை. காரைக்கால் அம்மையார், ஆண்டாள், அக்கமகாதேவி, மீரா, பஸ்ராவின் ராபியா என்று யாருமே நினைவுக்கு வரவில்லை. தத்துவப் பேராசிரியரான ராதாகிருஷ்ணனுக்கு இவர்களைத் தெரியாது என்று சொல்ல முடியாது. தலைவர் என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் எழும் உருவம் ஆணாக இருந்தது. அதற்குப் பின் வந்த முதலியார் குழு (1952–53), சமயப் போதனை விரும்புகிறவர்களுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே மட்டும் என்றது. கோத்தாரி குழு (1964–66) வாரத்தில் ஓரிரு பாடவேளையை நெறிக் கல்விக்கு ஒதுக்கலாம் என்றது. நம் பள்ளி அட்டவணையில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘நன்னெறி’ என்ற கட்டம் இந்த வழியில் வந்ததுதான். கணக்கு ஆசிரியருக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோகும் கட்டமும் அதுதான்.

2002இல் உச்ச நீதிமன்றத்தில் அருணா ராய் தொடுத்த வழக்கு இந்த விவாதத்தில் முக்கியமானது. தேசியக் கலைத்திட்டத்தில் சமயங்களைப் பற்றிய கல்வியைச் சேர்ப்பது மதச்சார்பின்மைக்கு ஆபத்து என்பது மனுதாரர்களின் அச்சம். நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை. ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு, இரண்டாவதை 28ஆம் பிரிவு தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவினை காகிதத்தில் தெளிவானது. வகுப்பறையில் அதைக் காப்பாற்றுவது ஆசிரியரின் வாய். பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டே போதனை செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு நாம் கண்ட விடை திருக்குறள். சமயச் சார்பில்லாத நூல், எல்லாரும் ஏற்கும் நூல். 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஆர். மகாதேவன், அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் கற்பிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். காமத்துப்பால் வெளியே நின்றது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்பதில் யாருக்கும் பெரிய மறுப்பு இருக்கவில்லை. தமிழ் படித்தவர்களும் சும்மா இருந்துவிட்டோம்.

திருக்குறளின் மூன்று பால்களில் பெண் எங்கே எப்படி வருகிறாள் என்று பாருங்கள். அறத்துப்பாலில் அவள் வாழ்க்கைத் துணைநலம். கணவனுக்கும் குடும்பத்துக்கும் அவள் எப்படி இருக்க வேண்டும் என்று அவளைப் பற்றிச் சொல்லப்படுகிறது. பொருட்பாலில் பெண்வழிச் சேறல், வரைவின் மகளிர் என்ற அதிகாரங்களில் அவள் ஆண் விலகி நிற்க வேண்டிய ஆபத்து. இந்த இரண்டு பால்களின் 108 அதிகாரங்களிலும் அவள் பேசப்படும் பொருள்தான். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில்தான் அவள் வாய் திறக்கிறாள். அதிலும் கற்பியலின் 18 அதிகாரங்களில் பெரும்பகுதி அவள் குரல். பிரிந்து போகிறவனிடம் நியாயம் கேட்கிறாள். தன் கண்ணோடு சண்டை போடுகிறாள், நெஞ்சோடு பேசுகிறாள், ஊர் வாயைப் பற்றிக் கவலைப்படுகிறாள், ஊடுகிறாள், எப்போது இறங்கி வருவது என்று யோசிக்கிறாள். வாக்குறுதி என்றால் என்ன, ஒருவரை நம்புவது என்றால் என்ன, கோபத்தை எப்படிச் சொல்வது, எப்போது விடுவது என்பவை பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் பையனுக்கும் அறவியல் இல்லையென்றால் வேறு எது அறவியல்?

பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் ‘வள்ளுவரும் கற்பும்’ என்று தனிக் கட்டுரையே எழுதி, வள்ளுவர் பெண்ணாக இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாரா என்ற தொனியில் கேள்வி எழுப்பினார். அதே பெரியார் 1949இல் சென்னையில் திருக்குறள் மாநாட்டையும் நடத்தினார். ஒரு நூலைக் கேள்வி கேட்டுக்கொண்டே கையில் எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஈரோட்டுக்காரர் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். நம் பள்ளிக்கு அந்தப் பக்குவம் வரவில்லை.

உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட அதே 2016இல், மார்ச் 13ஆம் தேதி, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையப் பகுதியில் பட்டப்பகலில் சங்கர் என்ற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் கௌசல்யாவைக் காதலித்து மணந்தது. கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். இருவரும் கல்லூரி வயதைத் தாண்டாதவர்கள். உடுமலை எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். வெட்டியவர்களும் அனுப்பியவர்களும் எந்தப் பள்ளியில் எந்த நன்னெறி படித்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கொலையைப் பாடத்திட்டத்தின் தலையில் கட்டுவது அறிவீனம். ஆனால் காதலித்ததற்காகப் பிள்ளைகள் கொல்லப்படும் ஒரு வட்டாரத்தில், காதலைப் பற்றிப் பேசும் பகுதியை மட்டும் ஒழுக்கத்தின் பேரால் கழித்துவிட்டு அறம் கற்பிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கழித்த இடம் காலியாக இருப்பதில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் மாணவியரிடம் பேசினார். முற்பிறவிப் பாவத்தால்தான் சிலர் ஊனமாகவும் ஏழையாகவும் பிறக்கிறார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, பள்ளியில் இதைப் பேசலாமா என்று கேட்டார். பேச்சாளர் அவரிடம் குரலை உயர்த்தினார். காணொளி பரவியது, பேச்சாளர் கைதானார், பள்ளிகளில் வெளியாட்கள் பேசுவதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அந்த ஆசிரியரின் துணிவை எல்லாரும் பாராட்டினோம், பாராட்ட வேண்டியதுதான். நான் அந்தக் காணொளியில் திரும்பத் திரும்பப் பார்த்தது மாணவியரை. வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஆண்கள் அவர்கள் தலைக்கு மேலே வினைக் கொள்கையைப் பற்றி வாதிட்டார்கள். மணிமேகலையிலும் முற்பிறவி உண்டு, வினை உண்டு, அந்தக் காப்பியமே பழம்பிறப்புக் கதையில்தான் ஓடுகிறது. அதைப் படித்த பெண் ஒருத்தி அங்கே இருந்திருந்தால், ஐயா, முற்பிறவி இருந்தது என்பதற்கு உங்கள் அளவை எது என்று கேட்டிருக்கலாம். கேட்கும் பழக்கத்தை நாம் யாருக்கும் கொடுக்கவில்லை.

மற்ற தமிழர்கள் என்ன செய்தார்கள்? இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம், சாதாரண தரப் பரீட்சை வரை. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், கிறிஸ்தவப் பிள்ளைக்கு அவரவர் சபைக்கு ஏற்ற பாடம், பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தம். புத்தகத்தை அரசே அச்சிட்டு இலவசமாகத் தருகிறது. ஒரே பள்ளியில் படித்தாலும் பக்கத்துப் பிள்ளையின் சமயத்தைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் தேறிவிடலாம். இத்தனை ஆண்டுப் போருக்குப் பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. சிங்கப்பூர் 1984இல் மேல் உயர்நிலை வகுப்புகளில் சமய அறிவைக் கட்டாயமாக்கி, இந்து சமயக் கல்வி, பைபிள், பௌத்தம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி என்று தேர்வு செய்யச் சொன்னது. சமய வேகம் கூடுகிறது என்ற கவலையில் ஐந்தாறு ஆண்டுகளில் கைவிட்டது. இரண்டு இடத்திலும் பிள்ளை ஒரே ஒரு பாடத்துக்குள்ளேயே நிறுத்தி வைக்கப்பட்டது. பத்து வாசலுக்கும் போய்க் கேட்கும் வஞ்சி நகரத்து முறையை யாரும் முயன்று பார்க்கவில்லை.

நம்மிடம் அதற்கு ஒரு சின்ன வாசல் திறந்தே இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்று ஒரு விருப்பப் பாடம் உண்டு. 2018, 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் அதற்கும் புதுப் புத்தகம் வந்தது. எல்லாப் பள்ளியிலும் இந்தப் பிரிவு கிடையாது. கோவைப் பக்கம் பெற்றோர் உயிரியலும் கணினி அறிவியலும் இருக்கும் பிரிவுக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். அறவியல் இருக்கும் கலைப் பிரிவில் மதிப்பெண் குறைந்தவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் சீக்கிரம் கல்யாணம் செய்து கொடுத்துவிடலாம் என்று வீட்டில் முடிவான பெண்கள் கணிசம். ஒரு விதத்தில் தத்துவம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பு மாணவியருக்கு இலக்கியம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். குவாரியிலும் சிமெண்ட் ஆலையிலும் மில்லிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். தமிழோடு மலையாளமும் கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசுபவர்கள். நான் குண்டலகேசி கதையை எடுத்துக்கொண்டேன். நூல் முழுதும் கிடைக்கவில்லை, சில பாடல்களே எஞ்சின, கதை பிற நூல்களின் வழியாக வந்தது. வணிகர் மகள் பத்திரை, கொலைக்களத்துக்குப் போகும் கள்வனைக் கண்டு விரும்புகிறாள். தந்தை அவனை மீட்டு மணம் செய்து வைக்கிறார். ஒரு நாள் ஊடலில் அவள் அவனைக் கள்வன் என்று சொல்லிவிடுகிறாள். அவன் மனதில் வைத்திருந்து, மலை உச்சிக்குக் கூட்டிப்போய், உன்னைக் கொல்லப் போகிறேன் என்கிறான். சாவதற்கு முன் உங்களை ஒருமுறை வலம் வந்துகொள்கிறேன் என்று சொல்லிப் பின்னால் போய் அவனைத் தள்ளிவிடுகிறாள். பிறகு துறவியாகி, தர்க்கம் படித்து, வாதத்தில் எல்லாரையும் வெல்கிறாள். கதையைச் சொல்லிவிட்டு, அவள் செய்தது சரியா என்று மட்டும் கேட்டேன்.

முதலில் அமைதி. பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடும் அமைதி, எனக்கு அது நன்றாகத் தெரியும். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், “தள்ளுனது கரெக்ட்டுங்க மிஸ்” என்றாள். உடனே இன்னொருத்தி, “தள்ளாம ஓடிப் போயிருக்கலாமுங்க” என்றாள். மலையில எங்கடி ஓடறது என்று மூன்றாவது குரல். பொய் சொல்லி வலம் வந்தாளே, அது பாவமில்லையா என்று ஒருத்தி கேட்டாள். அவன் கூடத்தான் சாமி கும்பிடப் போலாம்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போயிருப்பான் என்று பதில் வந்தது. கதையில் நான் சொல்லாததை அவள் தானாகச் சேர்த்தாள். அவள் அவனைக் கள்வன் என்று சொன்னது தப்பா என்பதில் வகுப்பு சரிபாதியாக நின்றது. நான் எந்தப் பக்கமும் சேராமல் இருக்கச் சிரமப்பட்டேன்.

ஜன்னலோரம் இருந்த பெண் கடைசி வரை பேசவில்லை. “நீ சொல்லு கண்ணு” என்றேன். எழுந்து நின்று, “அவன் கொல்லப் போறான்னு முன்னாடியே தெரிஞ்சு, அவ அப்பா ஊட்டுக்குத் திரும்பிப் போயிருந்தா சேத்தியிருப்பாங்களாங்க மிஸ்?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்குக் கதையில் பதில் இல்லை. கணவனைத் தள்ளிவிட்ட பிறகும் பத்திரை தந்தை வீட்டுக்குப் போகவில்லை, துறவிகளிடம் போனாள் என்பது மட்டும் இருக்கிறது. அதைச் சொன்னேன். ஏன் போகவில்லை என்று யாராவது நாளைக்குள் ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். நாற்பத்து ஒரு பேர் இருந்த வகுப்பில் முப்பத்து எட்டுத் தாள்கள் வந்தன. பாதிக்கு மேல் கதையைப் பற்றியவை அல்ல.